சாகக் கிடக்கும் எஸ்எஸ்டி-யிலிருந்து டேட்டாவை எடுப்பது எப்படி

ஹார்டு டிஸ்க்குக்கென்று எழுதப்பட்ட மீட்பு வழிகளை எஸ்எஸ்டி-யிலும் அப்படியே செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஹார்டு டிஸ்க்கில் கெட்டுப்போவது தட்டின் ஒரு பகுதி. அதைத் தாண்டிப் போனால் மிச்சத்தைப் படித்துவிடலாம். எஸ்எஸ்டி-யிலோ, ஃபிளாஷ் சிப்பில் ஒரு பக்கத்தைப் படிக்க முடியாமல் போனால் அதோடு மல்லுக்கட்டும் கன்ட்ரோலர், அதாவது டிரைவை இயக்கும் சிப், மொத்தமாக உறைந்துவிடுகிறது. படித்துக்கொண்டிருக்கும்போதே டிரைவ் சிஸ்டத்திலிருந்து காணாமல் போகும். பவரை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தால் வரும், கொஞ்ச நேரம் படிக்கும், மறுபடி காணாமல் போகும்.

ஆகவே இங்கே கெட்ட செக்டாரை எப்படித் திரும்பத் திரும்பப் படிப்பது என்பது பின்னால் வரும் கேள்வி. டிரைவ் உயிரோடு இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை எதில் செலவழிப்பது, அது தொங்கிப்போனால் விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடர்வது என்பதுதான் முதல் கேள்வி. இதற்குத் தேவையான எல்லாம் இலவசமாக, மூலநிரல் திறந்த கருவிகளாகவே கிடைக்கின்றன: டிரைவை அப்படியே நகலெடுக்க குனு டிடிரெஸ்க்யூ, அதன் நிலையை அறிய ஸ்மார்ட்மான்டூல்ஸ், என்விஎம்இ-சிஎல்ஐ, நகலிலிருந்து ஃபைல்களை மீட்க டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக். லினக்ஸ் டெர்மினலில் கை பழகியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், எது முடியாது

இதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை, ஏனென்றால் முடியாத ஒன்றை முயன்று முடியக்கூடியதையும் இழப்பவர்கள் நிறைய.

அழித்த ஃபைலை மீட்பதும் திணறும் டிரைவிலிருந்து மீட்பதும் வேறு வேறு வேலைகள். எஸ்எஸ்டி-யில் ஒரு ஃபைலை அழித்தால், இந்த இடம் இனி வேண்டாம் என்று இயங்குதளம் ட்ரிம் கட்டளை அனுப்பிவிடும். விண்டோஸ் அழித்த உடனேயே அனுப்புகிறது. உபுண்டு போன்றவை வாரம் ஒருமுறை ஒரு டைமர் வைத்து அனுப்புகின்றன. அதற்குப் பிறகு அந்த முகவரியைப் படித்தால் பெரும்பாலான டிரைவ்கள் வெறும் பூஜ்யத்தைத் தரும். சிப்பில் பழைய டேட்டா இன்னும் கிடந்தாலும் கன்ட்ரோலர் அதை எடுத்துத் தராது. போட்டோரெக்கை எத்தனை தடவை ஓட்டினாலும் பலனில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: பழைய யூஎஸ்பி பெட்டிகள் பல ட்ரிம் கட்டளையை உள்ளே கடத்துவதில்லை. அப்படிப்பட்ட பெட்டியில் வைத்துப் பயன்படுத்திய எஸ்எஸ்டி-யில் அழித்தவை கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

இரண்டாவது, டிரைவ் தன் பெயரையே மறந்துவிட்ட நிலை. ஃபிளாஷ் சிப்பில் எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தைக் கன்ட்ரோலர் அந்தச் சிப்பிலேயேதான் வைத்திருக்கும். அதையோ கன்ட்ரோலரை ஓட்டும் நிரலான ஃபர்ம்வேரையோ படிக்க முடியாமல் போனால் டிரைவ் வெற்று நிலைக்குப் போய்விடும். ஃபைசன் எஸ்11 கன்ட்ரோலர் கொண்ட மலிவு டிரைவ்கள் அப்போது தங்களைச் 'சாட்டாஃபர்ம் எஸ்11' என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். 2011-இல் இன்டெல் 320 வரிசையில் திடீர் மின்வெட்டுக்குப் பிறகு கொள்ளளவு 8 எம்பி என்று காட்டிய பிழை நிறையப் பேருக்கு நினைவிருக்கும். மாடல் பெயரோ கொள்ளளவோ இப்படி மாறித் தெரிந்தால் டிடிரெஸ்க்யூவுக்கு அங்கே வேலை இல்லை. அந்தக் கன்ட்ரோலருக்கான லோடரை ஏற்றி வரைபடத்தைத் திரும்பக் கட்டும் கருவி ஆய்வகங்களில்தான் இருக்கிறது. டேட்டா முக்கியமென்றால் அத்தோடு நிறுத்திவிட்டு அவர்களிடம் போக வேண்டும். சிப்பைக் கழற்றி நேரடியாகப் படித்துவிடலாம் என்ற யோசனையும் இன்றைய டிரைவ்களில் அநேகமாக எடுபடாது. டேட்டா கலைத்து எழுதப்பட்டிருக்கும், பல சிப்களில் பரப்பி எழுதப்பட்டிருக்கும், பல மாடல்களில் கன்ட்ரோலரே மறையாக்கமும் செய்திருக்கும்.

மூன்றாவது, விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கர். டிரைவை முழுசாக மீட்டாலும் 48 இலக்க மீட்புச் சாவி இல்லையென்றால் கையில் இருப்பது குப்பைதான். புதிய விண்டோஸ் லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தபோதே இது இயங்கியிருக்கலாம். அந்தக் கணக்கில் சாவி இருக்கிறதா என்பதை டிரைவைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இணைப்பதும் இடம் ஒதுக்குவதும்

டிரைவ் திணறுகிறது என்று தெரிந்ததும் அதிலிருந்து பூட் செய்வதை நிறுத்த வேண்டும். விண்டோஸ் ஒவ்வொரு முறை எழும்போதும் லாக் எழுதும், ஸ்வாப் எழுதும், செக்டிஸ்க் ஓட்டப் பார்க்கும். கெட்டுக்கொண்டிருக்கும் டிரைவில் செக்டிஸ்க், எஃப்எஸ்சிகே எதையும் ஓட்டக் கூடாது. அவை ஃபைல்சிஸ்டத்தை ஒழுங்குபடுத்தத்தான் பார்க்கும். படிக்க முடியாத ஒரு டைரக்டரியை, அதற்குள் இருந்த ஃபைல்களோடு சேர்த்துக் கழித்துக்கட்டுவதும் அவற்றின் கணக்கில் ஒழுங்குதான்.

இன்னொரு கணினியில் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லைவ் யூஎஸ்பி-யில் பூட் செய்து வேலை பார்ப்பது எனக்குப் பிடித்த வழி. தேவையான கருவிகள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன, எந்த டிரைவையும் தானாக மவுண்ட் செய்யாது. டெபியன், உபுண்டுவில் நிறுவுவதானால் பேக்கேஜின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, ஓட்டும் கட்டளையின் பெயர் டிடிரெஸ்க்யூ. டிடி, ரெஸ்க்யூ இரண்டுக்கும் நடுவே அடிக்கோடு போட்ட பெயரில் வேறொரு நிரல் இருக்கிறது. நாம் பேசுவது அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய குனு நிரலைப் பற்றி.

முடிந்தவரை மதர்போர்டின் சாட்டா போர்ட்டிலோ எம்.2 ஸ்லாட்டிலோ நேரடியாக இணையுங்கள். யூஎஸ்பி அடாப்டரின் சிப் பிழைச் செய்திகளை விழுங்கிவிடும், டிரைவ் தொங்கினால் தானும் தொங்கும், டிரைவ் தன் நிலையைப் பற்றிப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களையும் சில சமயம் தராது. பழைய யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லியாம்ப் வரைதான் தரும் என்பதையும் கவனிக்க வேண்டும். தொடங்கும் நொடியில் சில எஸ்எஸ்டி-கள் அதற்கு மேல் இழுக்கும், பவர் போதாமல் தடுமாறுவது டிரைவின் பழுது போலவே தெரியும்.

சேமிக்கும் இடம் மூல டிரைவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 512 ஜிபி என்று விற்கும் டிரைவில் 512,110,190,592 பைட்டுகள் இருக்கும். 500 ஜிபி டிரைவில் 500,107,862,016. பன்னிரண்டு ஜிபி குறைகிறது, ஆகவே 500-இல் 512-ஐ அடைக்க முடியாது. 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று எடுத்து எக்ஸ்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்து, டிரைவை ஒரு இமேஜ் ஃபைலாக, அதாவது முழு டிரைவின் நகலான ஒரே ஃபைலாக, அதில் இறக்குவதே நல்லது. இந்த இரண்டு ஃபைல்சிஸ்டம்களைச் சொல்வதற்குக் காரணம் பின்னால் வருகிறது. ஃபேட்32 வேண்டவே வேண்டாம், அதில் 4 ஜிபி-க்கு மேல் ஒரு ஃபைல் வளராது.

டிரைவின் பெயரையும் கவனமாக எடுங்கள். எஸ்டிபி, எஸ்டிசி என்று கர்னல் தரும் பெயர் நிலையானதல்ல. டிரைவ் தொங்கித் திரும்ப வரும்போது எஸ்டிபி ஆக இருந்தது எஸ்டிடி ஆகிவிடும். டெவ் ஃபோல்டருக்குள் டிஸ்க், அதற்குள் பை-ஐடி என்ற ஃபோல்டரில் மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்த பெயர் இருக்கும். கடைசி வரை அந்தப் பெயரையே பயன்படுத்துங்கள். இதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: டிரைவ் வெற்று நிலைக்குப் போய்த் தவறான மாடல் பெயரோடு திரும்பினால் இந்தப் பாதை பொருந்தாது, எனவே தவறான டேட்டா இமேஜுக்குள் போகாது. பிளாக்டெவ் கட்டளையில் செட்ஆர்ஓ ஆப்ஷன் கொடுத்து டிரைவைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு இந்தப் பூட்டு போய்விடும், மறுபடி போட வேண்டும்.

டிரைவைக் கேட்டுப் பார்ப்பது

ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஒரே ஒரு முறை ஓட்டி, வெளியீட்டை ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட சுயபரிசோதனையைத் தொடங்கிவிடாதீர்கள். அது டிரைவ் முழுவதையும் படிக்கும். அப்படிப் படிக்க டிரைவிடம் தெம்பு இருந்தால், அந்தப் படிப்பில் டேட்டாவையே எடுத்துவிடலாமே.

சாட்டா டிரைவில் முதலில் பார்ப்பது 199-ஆம் எண், சிஆர்சி பிழைக் கணக்கு. இது மட்டும் ஏறிக்கொண்டே போய் மற்றவை அமைதியாக இருந்தால் கெட்டிருப்பது பெரும்பாலும் கேபிள். நூறு ரூபாய்க் கேபிளை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடலாம். 5-ஆம் எண்ணும் (மாற்றி ஒதுக்கிய செக்டார்கள்) 187-ஆம் எண்ணும் (திருத்த முடியாத பிழைகள்) உயர்ந்திருந்தால் சிப் தேய்கிறது. என்விஎம்இ டிரைவில் (பெரும்பாலும் எம்.2 ஸ்லாட்டில் செருகும் வேகமான வகை) கிரிட்டிகல் வார்னிங் என்ற வரியில் 0-வைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. அது 8 என்று காட்டினால் டிரைவ் தன்னைத்தானே படிக்க-மட்டும் நிலைக்கு மாற்றிக்கொண்டுவிட்டது. இது நல்ல செய்தி, ஆனால் உடனே இமேஜ் எடுக்க வேண்டும். சில டிரைவ்கள் இந்த நிலையில் அடுத்த முறை பவர் போய் வந்தால் எழுவதே இல்லை. டெக் ரிப்போர்ட் தளம் நடத்திய தாங்குதிறன் சோதனையில் இன்டெல் 335 டிரைவ் ஒன்று 700 டிபி எழுதிய பிறகு படிக்க-மட்டும் நிலைக்குப் போய், ரீபூட் செய்ததும் மொத்தமாகச் செத்தது.

பவர்-ஆன் மணிக்கணக்கையும் பாருங்கள். குருஷியல் எம்4 டிரைவ்கள் 5,184 மணி நேரத்தைத் தாண்டியதும் தொங்க ஆரம்பித்தன, 2012-இல் வந்த ஃபர்ம்வேர் அதைச் சரிசெய்தது. எச்பிஇ விற்ற சில சாஸ் வகை சர்வர் டிரைவ்கள் 32,768 மணி நேரத்தில் செத்துப்போகும் என்று அந்நிறுவனமே 2019-இல் அறிவித்தது. அது 2-இன் 15-ஆம் அடுக்கு, அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம். இப்படி அறியப்பட்ட பிழை உள்ள மாடலா என்று தேடிப் பார்ப்பதில் ஐந்து நிமிடம் போனாலும் பரவாயில்லை. ஆனால் அந்த மாதிரி உறுதியான காரணம் இல்லாமல், டேட்டா உள்ளே இருக்கும்போது ஃபர்ம்வேரை மாற்றாதீர்கள்.

கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் வெளியீட்டை இன்னொரு டெர்மினலில் தொடர்ந்து ஓடவிடுங்கள், அடுத்த சில மணி நேரத்துக்கு அதுதான் உங்கள் கண். என்விஎம்இ டிரைவ் விழும்போது கன்ட்ரோலர் விழுந்துவிட்டது, ரீசெட் செய்கிறேன் என்று கர்னல் எழுதும். புதிய கர்னல்களில் அதற்கு அடுத்த வரிகளிலேயே மின்சேமிப்பை அணைக்கும் பூட் அளவுருக்களையும் காட்டும். அவற்றை அப்படியே பூட் வரியில் சேர்த்து மறுபடி எழுப்பிப் பாருங்கள். டிரைவ் ஆழ்ந்த உறக்க நிலையிலிருந்து எழ முடியாமல்தான் திணறியது என்றால் இது ஒன்றே போதும்.

டிடிரெஸ்க்யூ ஓட்டம்

டிடிரெஸ்க்யூவுக்கு மூன்று பெயர்கள் கொடுக்க வேண்டும்: மூல டிரைவ், இமேஜ் ஃபைல், மேப்ஃபைல். மூன்றாவதை விட்டாலும் நிரல் ஓடும் என்பதுதான் ஆபத்து. எந்தப் பகுதி படித்தாயிற்று, எது பாக்கி, எது கெட்டது என்பதெல்லாம் மேப்ஃபைலில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை டிரைவ் தொங்கும்போதும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். லைவ் யூஎஸ்பி-யின் ஹோம் ஃபோல்டர் ராம் நினைவகத்தில் இருப்பது, ரீபூட் செய்தால் போய்விடும். மேப்ஃபைலையும் இமேஜ் இருக்கும் அதே ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள்.

ஆப்ஷன்களை நீளப் பெயராலேயே சொல்கிறேன். ஒற்றை எழுத்தில் சின்ன என், பெரிய என் இரண்டுக்கும் வேறு வேறு வேலை இருப்பதால் அவசரத்தில் கை தவறும்.

முதல் ஓட்டத்தில் ஐடைரக்ட், நோ-ட்ரிம், நோ-ஸ்கிரேப் மூன்றையும் கொடுங்கள். ஐடைரக்ட் கொடுத்தால் கர்னலின் கேஷ் குறுக்கே வராது, முன்கூட்டியே படித்து வைக்கும் வேலையும் நடக்காது. கேட்ட இடத்தை மட்டுமே டிரைவ் படிக்கும். நோ-ட்ரிம்மில் உள்ள ட்ரிம், மேலே சொன்ன எஸ்எஸ்டி ட்ரிம் அல்ல. பிழை வந்த தொகுதியின் விளிம்புகளைச் செதுக்கிப் பார்க்கும் கட்டம் அது. அதையும், மிச்சத்தைச் செக்டார் செக்டாராகச் சுரண்டும் ஸ்கிரேப் கட்டத்தையும் இப்போதைக்குத் தள்ளிவைக்கிறோம். சுலபமாகப் படிக்கக்கூடிய எல்லாவற்றையும் முதலில் அள்ளிவிட வேண்டும், முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

செக்டார்-சைஸ் ஆப்ஷனில் 4096 கொடுங்கள். எஸ்எஸ்டி-யைப் பொறுத்தவரை இது முக்கியம். டிடிரெஸ்க்யூவின் இயல்பு அளவு 512 பைட். ஆனால் பெரும்பாலான எஸ்எஸ்டி-களின் உள்வரைபடம் 4 கேபி துண்டுகளாகத்தான் இருக்கும். ஒரு துண்டு கெட்டால் அதிலுள்ள எட்டு 512-உம் சேர்ந்துதான் கெடும். இயல்பு அளவில் விட்டால், ஸ்கிரேப் கட்டத்தில் ஒரே கெட்ட துண்டை எட்டு முறை தட்டி எட்டு முறை காத்திருப்போம். அந்த எட்டில் எந்த முறையிலும் கன்ட்ரோலர் உறைந்துபோகலாம். கிளஸ்டர்-சைஸ் 16 என்று வைத்தால் ஒரு வாசிப்புக்கு 64 கேபி.

மின்-ரீட்-ரேட் ஆப்ஷனில் வினாடிக்கு 1 எம்பி போல ஒரு கீழ்வரம்பு வையுங்கள், மெதுவான பகுதிகளைத் தாண்டிப் போகும். மெதுவாகப் படிக்கும் பகுதி கெட்ட பகுதி அல்ல என்பதை மறக்க வேண்டாம். ரொம்ப நாள் முன்பு எழுதிய டேட்டாவில் செல்களின் மின்னூட்டம் கசிந்திருக்கும். கன்ட்ரோலர் வோல்டேஜை மாற்றி மாற்றிப் பலமுறை படித்துத் திருத்திய பிறகே தருகிறது. 2014-இல் சாம்சங் 840 ஈவோவில் பழைய ஃபைல்கள் மட்டும் ஆமை வேகத்தில் படிக்கப்பட்டது இந்தக் காரணத்தால்தான். அப்படிப்பட்ட இடங்களைப் பிறகு பொறுமையாக எடுத்துவிடலாம். 512 ஜிபி-யை வினாடிக்கு 30 எம்பி வேகத்தில் எடுத்தால் ஐந்து மணி நேரத்துக்குள் முடியும், 2 எம்பி வேகத்தில் மூன்று நாள்.

டிரைவ் சூடாகிச் சூடாகித்தான் விழுகிறது என்றால் மேக்ஸ்-ரீட்-ரேட் ஆப்ஷனில் 50 எம்பி என்று மேல்வரம்பு போட்டு, மேசை ஃபேனை டிரைவ் பக்கம் திருப்பிவையுங்கள். எம்.2 டிரைவ்களில் இது கண்கூடாக வித்தியாசம் காட்டும். ஃப்ரிட்ஜில் வைக்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். வெளியே எடுத்ததும் சர்க்யூட்டின் மேல் ஈரம் படியும்.

டிரைவில் பயன்படுத்தாத இடம் நிறைய இருந்தால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டுமா என்று தோன்றலாம். ஹார்டு டிஸ்க்கில் அது நல்ல கேள்வி, பயன்படுத்திய பகுதிகளை மட்டும் குறித்துத் தர பார்ட்குளோனில் வசதியும் இருக்கிறது. எஸ்எஸ்டி-யில் ட்ரிம் ஒழுங்காக நடந்திருந்தால் காலி இடத்துக்குக் கன்ட்ரோலர் சிப்பைத் தொடாமலேயே பூஜ்யம் தந்துவிடும். அந்தப் பகுதிகள் சல்லென்று கடந்துபோகும், எனவே நான் இதற்கு மெனக்கெடுவதில்லை. ஸ்பார்ஸ் ஆப்ஷன் கொடுத்தால் இமேஜிலும் அந்தப் பூஜ்யங்கள் இடம் பிடிக்காது.

தொங்கும்போது

இதுதான் எஸ்எஸ்டி மீட்பின் நடுப்பகுதி, நேரம் போவதும் இங்கேதான்.

டிரைவ் உறைந்தும் கணினியின் பட்டியலில் பெயர் மட்டும் மிச்சமிருந்தால், டிடிரெஸ்க்யூ கேட்கும் ஒவ்வொரு வாசிப்புக்கும் கர்னல் உடனுக்குடன் பிழை என்று பதில் சொல்லும். சில நிமிடங்களில் மிச்சமிருந்த டிரைவ் முழுவதும் பிழை என்று மேப்ஃபைலில் பதிவாகிவிடும். திரையில் பிழை எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறினால் இதுதான் நடக்கிறது, உண்மையில் அத்தனை செக்டார்கள் கெடவில்லை. இதைத் தடுக்க வெரிஃபை-ஆன்-எரர் ஆப்ஷன் இருக்கிறது. ஒவ்வொரு பிழைக்குப் பிறகும், கடைசியாக நன்றாகப் படித்த செக்டாரை மறுபடி படித்துப் பார்க்கும். அதுவும் வரவில்லை என்றால் டிரைவ்தான் போய்விட்டது என்று புரிந்துகொண்டு நிரல் நின்றுவிடும். எஸ்எஸ்டி-க்கு இதை எப்போதும் கொடுங்கள். கூடவே டைம்அவுட் ஆப்ஷனில் 60 வினாடி. ஏற்கெனவே மேப்ஃபைல் பிழைகளால் நிரம்பிவிட்டது என்றாலும் பதற வேண்டாம். அடுத்த ஓட்டத்தில் ட்ரை-அகெய்ன் கொடுத்தால் செதுக்காத, சுரண்டாத பகுதிகள் எல்லாம் இன்னும் முயலாதவை என்று திரும்ப மாறிவிடும்.

கன்ட்ரோலர் பதில் தராமல் அப்படியே நிற்கும்போது நிரலைக் கன்ட்ரோல்-சி கொடுத்து நிறுத்த முடியாமல் போகலாம். கர்னல் தன் 30 வினாடிக் காத்திருப்பை முடித்து ரீசெட் முயற்சிகளையும் முடிக்கும் வரை விடுங்கள்.

பிறகு பவரை வெட்ட வேண்டும். ரீபூட் செய்வது போதாது, பல கணினிகளில் ரீபூட்டின்போது டிரைவுக்கான மின்சாரம் நிற்பதே இல்லை. சாட்டா டிரைவ் என்றால் மதர்போர்டில் ஹாட்-பிளக் அனுமதித்துவிட்டு, பவர் கேபிளை மட்டும் பிடுங்கி அரை நிமிடம் கழித்துச் செருகலாம். எம்.2 டிரைவை இப்படி ஓடும்போது கழற்றக் கூடாது. அதற்கு ஒரு வழி: ஆர்டிசிவேக் கட்டளையில் மெம் நிலையைத் தேர்ந்து 10 வினாடிக்குக் கணினியைத் தூங்கவைத்து எழுப்புவது. எஸ்3 உறக்கம் உள்ள பல மதர்போர்டுகளில் அப்போது எம்.2 ஸ்லாட்டின் மின்சாரம் நின்று வரும், டிரைவும் புதிதாக எழும். புதிய லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 கிடையாது, அங்கே முழுதாக அணைத்துத்தான் எழுப்ப வேண்டும். வேறு வழியில்லாமல் யூஎஸ்பி பெட்டியில் வைத்து எடுக்கிறீர்கள் என்றால் யூஹப்சிடிஎல் என்ற சிறு நிரல் உதவும். போர்ட்வாரியாக மின்சாரத்தை வெட்டும் ஹப் இருந்தால் கட்டளை வழியாகவே பவரை எடுத்துத் தரலாம். டிடிரெஸ்க்யூ நின்றதும் பவரை வெட்டு, பை-ஐடி பெயர் திரும்ப வரும்வரை காத்திரு, மறுபடி ஓட்டு என்று நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் இரவு முழுவதும் தானாக ஓடும். இமேஜ் இருக்கும் டிஸ்க் அதே ஹப்பில் இருக்கக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

டிரைவ் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தொங்குகிறதா? மேப்ஃபைலைத் திறந்து பாருங்கள், சாதாரண எழுத்து ஃபைல்தான். எண் கொண்ட முதல் வரியில் தற்போதைய இடம் பதினாறடிமான எண்ணாக இருக்கும். அது 0எக்ஸ்2580000000 என்றிருந்தால் சரியாக 150 ஜிபி-யில், அதாவது 1,024 கணக்கில் 150-இல், மாட்டியிருக்கிறது. நிரல் பிழையைப் பதிவு செய்வதற்கு முன்பே டிரைவ் விழுந்துவிடுவதால் அந்த இடம் முயலாதது என்றே இருக்கும், அடுத்த ஓட்டமும் நேராக அங்கேயே போய் முட்டும். இன்புட்-பொசிஷன் ஆப்ஷனில் 151, அதை ஒட்டிப் பெரிய ஜி, சின்ன ஐ கொடுத்தால் அந்த ஒரு ஜிபி-யைத் தாண்டிப் பின்னால் உள்ளதைப் படிக்கும். கடைசியில் ரிவர்ஸ் ஆப்ஷன் கொடுத்து மேலிருந்து கீழே வந்தால், தாண்டிய அந்த ஜிபி-யின் மறுபாதியும் பெரும்பாலும் கிடைத்துவிடும். உறையவைக்கும் இடம் என்பது பொதுவாகச் சில எம்பி அகலம்தான்.

டிரைவ் எழவே மறுத்தால் இன்னொன்றையும் முயலலாம். டேட்டா கேபிள் இல்லாமல் பவர் மட்டும் கொடுத்து 20 நிமிடம் விட்டு, 30 வினாடி துண்டித்து, மறுபடி 20 நிமிடம். குருஷியல் நிறுவனம் தன் டிரைவ்களுக்கே பரிந்துரைக்கும் முறை இது. அந்த அமைதியான நேரத்தில் கன்ட்ரோலர் தன் வரைபடத்தைச் சரிசெய்துகொள்ள வாய்ப்பிருக்கிறது. எழுந்து நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் டிரைவைச் சும்மா பவரில் போட்டுவைப்பது மட்டும் வேண்டாம். கேட்காமலேயே உள்ளுக்குள் டேட்டாவை இடம் மாற்றி எழுதும் வேலையை ஃபர்ம்வேர் செய்துகொண்டிருக்கும், அதை வெளியிலிருந்து நிறுத்த வழியில்லை.

99 சதவீதத்துக்கு மேல் வந்த பிறகுதான் நோ-ட்ரிம், நோ-ஸ்கிரேப் இரண்டையும் எடுத்துவிட்டு, ரீட்ரை-பாஸஸ் 3 கொடுத்து முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் போக வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் திரும்பத் திரும்பப் படித்தால் ஹெட் தட்டைக் கீறும் என்ற பயம் உண்டு, இங்கே அது இல்லை. டிரைவ் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை, சூடான பிறகு ஒரு முறை என்று முயன்றால் முன்பு வராத துண்டுகள் சில வரும், செல்லின் வோல்டேஜ் வெப்பத்தோடு நகர்வதால். டிடிரெஸ்க்யூவியூ என்ற நிரலில் மேப்ஃபைலைத் திறந்தால் எங்கே ஓட்டை இருக்கிறது என்று வண்ணத்தில் தெரியும். மூன்று முறை முயன்றும் அசையாத இடத்துக்காக நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை என்பது என் கருத்து.

இமேஜின் மேல் வேலை

இனி டிரைவைக் கழற்றி வைத்துவிடலாம். இமேஜை நகல் எடுத்து, நகலின் மேல்தான் எதையும் செய்ய வேண்டும். எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டில் ஒன்றைக் கேட்டதற்குக் காரணம் இதுதான்: சிபி கட்டளையில் ரீஃப்ளிங்க் கொடுத்தால் 512 ஜிபி இமேஜின் நகல் நொடியில் உருவாகும், கூடுதல் இடமும் பிடிக்காது. ஒரு முயற்சி சொதப்பினால் நகலை அழித்துவிட்டு இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

லாஸ்செட்அப் கட்டளையில் ரீட்-ஒன்லி, பார்ட்ஸ்கேன் இரண்டும் கொடுத்தால் இமேஜுக்குள் இருக்கும் பார்ட்டிஷன்கள் தனித்தனி டிவைஸாகத் தெரியும். இஎக்ஸ்டி4 என்றால் மவுண்ட் ஆப்ஷனில் ஆர்ஓ மட்டும் போதாது, நோலோட் சேர்க்க வேண்டும். ஆர்ஓ கொடுத்தாலும் ஜர்னலைத் திரும்ப ஓட்டி எழுதப் பார்க்கும், படிக்க மட்டும் உள்ள இமேஜில் அது முடியாமல் மவுண்டே தோற்கும். எக்ஸ்எஃப்எஸ்-க்கு அதே வேலையை நோரெக்கவரி செய்கிறது. பிட்லாக்கர் பார்ட்டிஷனைக் கிரிப்ட்செட்அப் 2.3 பதிப்பிலிருந்து நேரடியாகவே திறக்கலாம், பழையதில் டிஸ்லாக்கர்.

மவுண்ட் ஆகவில்லை என்றால் ஃபைல்சிஸ்டத்தைப் பொறுத்து வழி மாறும். இஎக்ஸ்டி4-இன் தலைப்புத் தொகுதி கெட்டிருந்தால் நகலின் மேல் இ2எஃப்எஸ்சிகே-யை 32768-ஆம் தொகுதியிலுள்ள மாற்றுத் தலைப்பைக் காட்டி ஓட்டுங்கள். பிடிஆர்எஃப்எஸ்-க்கு ரெஸ்டோர் என்ற துணைக்கட்டளை மவுண்ட் செய்யாமலேயே ஃபைல்களை வெளியே எடுத்துத் தரும். பார்ட்டிஷன் பட்டியலே போய்விட்டதென்றால் டெஸ்ட்டிஸ்க். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்-இல், ஃபைல்களின் அட்டவணையான எம்எஃப்டி-யின் ஒரு பகுதி மட்டும் சிதைந்திருந்தாலும் டெஸ்ட்டிஸ்கின் ஃபைல் பட்டியலில் பெரும்பாலானவை தெரியும், அங்கிருந்தே நகலெடுக்கலாம். போட்டோரெக் கடைசித் துருப்பு. ஃபைல் பெயரும் ஃபோல்டரும் இல்லாமல், ஜேபெக், பிடிஎஃப் என்று அடையாளம் பார்த்து அள்ளிப்போடும். முதலிலேயே அதை ஓட்டிவிட்டு, பெயரில்லாத ஆயிரக்கணக்கான ஃபைல்களோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். பத்து நிமிடம் டெஸ்ட்டிஸ்க்கில் செலவழித்திருந்தால் எல்லாம் பெயரோடு வந்திருக்கும்.

இமேஜில் சில நூறு கேபி ஓட்டை இருந்தால் அது எந்த ஃபைலில் விழுந்தது என்று தெரிந்தாக வேண்டும். படம் திறக்கிறது என்பதால் முழுசாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. இதற்கு டிடிரெஸ்க்யூவிலேயே ஃபில்-மோடு இருக்கிறது. வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு சொற்றொடரை ஒரு சிறு ஃபைலில் எழுதி, அதை மூலமாகவும் நகல் இமேஜை இலக்காகவும் கொடுத்து, ஃபில்-மோடில் கெட்ட செக்டாருக்கான கழித்தல் குறியைக் கொடுங்கள். சுரண்டாத, செதுக்காத பகுதிகள் பாக்கி இருந்தால் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் சேர்த்து. படிக்க முடியாமல் போன செக்டார்களில் மட்டும் அந்தச் சொற்றொடர் நிரம்பும். பிறகு நகலை மவுண்ட் செய்து கிரெப் கட்டளையில் அந்தச் சொற்றொடரைத் தேடினால் அடிபட்ட ஃபைல்களின் பெயர் பட்டியலாக வந்துவிடும். பட்டியல் காலியாக இருந்தால் ஓட்டைகள் விழுந்தது காலி இடத்திலோ ஃபைல்சிஸ்டத்தின் உள்விவரங்களிலோதான். பிட்லாக்கர், லினக்ஸின் மறையாக்கமான லக்ஸ் இவற்றுக்குள் இந்த வழி செல்லாது. மறையை நீக்கும்போது நாம் எழுதிய சொற்றொடரும் குப்பையாக மாறிவிடும். அங்கே திறந்த பார்ட்டிஷனை முதலில் இன்னொரு இமேஜாக எடுத்து, மேப்ஃபைலில் உள்ள இடங்களைப் பார்ட்டிஷனின் தொடக்கத்தைக் கழித்துக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். லக்ஸ் என்றால் அதன் தலைப்புப் பகுதியையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். லக்ஸ்2-இல் அது வழக்கமாக 16 எம்பி.

டேட்டா வந்த பிறகு வாரண்டிக்கு அனுப்பலாம் என்று தோன்றும். எழுத முடியாத டிரைவில், எல்லாவற்றையும் அழிக்கும் செக்யூர் இரேஸ் கட்டளையும் வேலை செய்யாமல் போகலாம், அப்போது உள்ளே இருப்பது எல்லாம் அப்படியே அவர்கள் கைக்குப் போகும். மறையாக்கம் செய்யாத டிரைவில் வங்கி விவரமோ மற்றவர்களின் ஆவணங்களோ இருந்தால் வாரண்டியை விட்டுவிடுவதே மேல். உறையைக் கழற்றி, பலகையில் உள்ள ஒவ்வொரு ஃபிளாஷ் சிப்பின் நடுவிலும் துளை போடுங்கள். கன்ட்ரோலரை மட்டும் உடைத்தால் போதாது. பலகையின் பின்பக்கமும் பாருங்கள், பாதிச் சிப்கள் அங்கே இருக்கலாம்.